மாடி வீட்டுக்கு ஃபைபர் கேபிள்: எப்போது தேவை, எப்படி இழுப்பது?

கீழ்த்தளத்தில் பெற்றோர், முதல் மாடியில் மூத்த மகன் குடும்பம், இரண்டாவது மாடியில் இளையவர். நம் ஊர்களில் பல வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. இணைய இணைப்பு மட்டும் கீழே ஹாலில் ஒன்றே ஒன்று. மேலே பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா வீடியோ அழைப்பில் வந்தால், போனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மாடிப்படிக்கு ஓட வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் இது இணைப்பு தரும் நிறுவனத்தின் குறை அல்ல. நம் வீட்டுத் தளம் கம்பி கட்டிய கான்க்ரீட். அதைத் தாண்டும்போது வைஃபை அலை வெகுவாக வலுவிழக்கிறது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட இன்னும் அதிகமாகத் தேய்கிறது. மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான பிளானுக்கு மாறினாலும் மேல்மாடியில் பயன் இருக்காது. மேலே ஒரு கேபிளைக் கொண்டுபோய், அங்கே தனியாக ஒரு வைஃபை கருவி வைப்பதே நிலையான தீர்வு. அந்தக் கேபிள் செம்பா, ஃபைபரா என்பதுதான் அடுத்த கேள்வி.

செம்பு எப்போது போதும்?

கேட் 6 எனப்படும் செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். மூன்று மாடி வீட்டில் சுற்றி வளைத்து இழுத்தாலும் 40 மீட்டரைத் தாண்டுவது அரிது. எனவே, ஒரே மின் இணைப்பில் இயங்கும் வீட்டில், கேபிள் முழுவதும் உட்புறமாகவே செல்லும் என்றால், கேட் 6 தாராளமாகப் போதும். வாங்கும்போது சுத்தமான செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை குறைவு, ஆனால் எளிதில் முறியும்.

ஃபைபர் எப்போது தேவை?

ஃபைபரின் பெரிய பலன் வேகம் மட்டுமல்ல. அது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. இந்த மூன்று நிலைகளில் அதுதான் நல்ல தேர்வு.

1. கேபிள் வெளிச்சுவர் வழியாகவோ மொட்டை மாடி வழியாகவோ செல்லும்போது. மின்னல் வீட்டின் மேல் நேராக விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பியில் மின் அதிர்வு உண்டாகி, இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடலாம்.

2. ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி ஈபி மீட்டரும் எர்த்தும் இருக்கும்போது. இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால், செம்புக் கேபிள் அவற்றுக்கிடையே பாலமாகிவிடக்கூடும்.

3. பக்கத்தில் தனிக் கட்டடமாக இருக்கும் வீட்டுக்கோ கடைக்கோ இணைப்பு கொடுக்கும்போது.

மின் இணைப்பு வழியாக வரும் அதிர்வை ஃபைபர் தடுக்காது. அதற்கு நல்ல எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் வேண்டும். அந்த அதிர்வு ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு இணையக் கேபிள் வழியே பரவாமல் காப்பதே ஃபைபரின் வேலை. எனவே, உள்ளே இரும்புக் கம்பி இல்லாத கேபிளையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்ப்ளிட்டர் போட்டால் ஆகாதா?

நிறுவனம் கொண்டுவரும் ஃபைபரை இரண்டாகப் பிரித்து மேலே இன்னொரு மோடம் வைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பொதுவாக அது வேலை செய்யாது. உங்கள் இணைப்புக்கு ஒரு கருவியைத்தான் நிறுவனம் பதிவு செய்திருக்கும். அந்த மோடத்தை நடுமாடிக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம். அல்லது மோடத்துக்குப் பின்னால் நமக்கென்று தனி ஃபைபர் இழுக்கலாம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

இரு முனைகளிலும் கனெக்டர் பொருத்தியே விற்கப்படும் சிங்கிள் மோட் கேபிள் ஒன்று, மீடியா கன்வெர்ட்டர் இரண்டு. மீடியா கன்வெர்ட்டர் என்பது மின் சமிக்ஞையை ஒளியாகவும், ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் சிறு பெட்டி. கேபிள், கன்வெர்ட்டர் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். சிங்கிள் மோடையும் மல்டி மோடையும் கலக்கக் கூடாது. கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சையின் முனை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலம் அப்படியல்ல. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள்.

கேபிளில் ஜி.657.ஏ2 என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது. அந்த வகை இழை 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரையிலான வளைவைத் தாங்கும். சாதாரண ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டும்.

இழுக்கும் முறை

பீம், பில்லர் ஆகியவற்றில் ஒருபோதும் துளையிடாதீர்கள். தளத்தில் துளையிட்டாலும் உள்ளே கம்பி இருக்கும். ஏற்கனவே உள்ள பைப்போ மாடிப்படியை ஒட்டிய சுவரோ இருந்தால் அதுவே பாதுகாப்பான வழி. மின் கம்பிகள் செல்லும் பைப்பைத் தவிர்த்துத் தனிப் பைப் போடுங்கள். நாளை கேபிள் மாற்றுபவரின் பாதுகாப்புக்கும் அது நல்லது. வெளிச்சுவரில் துளையிட்டால் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். மழைநீர் உள்ளே வராது. வேலை முடிந்ததும் எலியும் எறும்பும் நுழையாதபடி துளையை அடைத்துவிடுங்கள்.

இழுக்கும்போது கனெக்டரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேபிளின் உறையில் கயிறு கட்டி மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு மீட்டர் அளவு உபரியாகச் சுருட்டி வையுங்கள். இரட்டை இழைக் கேபிளாக இருந்து இணைப்பு விளக்கு எரியவில்லை என்றால், ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

மேலே வைக்கும் ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் மாற்றினால் முழு வீடும் ஒரே நெட்வொர்க்காக இருக்கும். ஃபைபரில் மின்சாரம் செல்லாது என்பதால் மேலுள்ள கருவிகளுக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். மின்வெட்டிலும் இணையம் வேண்டுமானால் இரு முனைகளும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் கவனம்

ஃபைபரில் செல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. எரியவில்லை என்று நினைத்து யாரும் முனைக்குள் பார்க்கக் கூடாது. இழையை வெட்டும்போது தெறிக்கும் கண்ணாடித் துணுக்குகள் தோலில் குத்திக்கொள்ளும். வெட்டும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்து, ஒரு மூடிய டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு

தளம் போடும் முன்பே, கீழிருந்து மொட்டை மாடி வரை 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் ஒன்றை இணையத்துக்கென்றே விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு பெட்டி, உள்ளே ஒரு நைலான் கயிறு. ஆகும் செலவு மிகச் சிறியது. இன்று செம்பு இழுக்கலாம், நாளை ஃபைபருக்கு மாறலாம். கேபிள் மாறிக்கொண்டே இருக்கும். பைப்பை விட்டுவிட்டால், பிறகு பூசிய சுவரை உடைத்துத்தான் அந்த வழியை உண்டாக்க வேண்டும்.