ஒட்டுமா, ஒட்டாதா? - எண்ணெய்க் கிணத்து சிமென்ட் கதை

வீடு கட்டும்போது கவனிச்சிருப்பீங்க. கான்கிரீட் தூணுக்குப் பூசுறதுக்கு முன்னாடி அதைக் கொத்தி விடச் சொல்வார் மேஸ்திரி. வழவழன்னு இருந்தா பூச்சு நிக்காது. இந்தச் சின்ன விஷயத்தை எண்ணெய்க் கிணறு தோண்டுறவங்க எழுத்துல பதிவு பண்ண அறுபது வருஷம் ஆச்சு!

முதல்ல அடிப்படை. துளை போட்டதும் உள்ளே இரும்புக் குழாயை இறக்குவாங்க. அதுதான் கேசிங். குழாய்க்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிற இடுக்கை சிமென்ட் போட்டு அடைக்கணும். இல்லேன்னா தண்ணியும் வாயுவும் அந்த வழியா மேலே ஏறிடும்.

1903-ல கலிஃபோர்னியாவின் லாம்பாக்ல, யூனியன் ஆயில் கம்பெனியைச் சேர்ந்த ஃபிராங்க் ஹில் 50 மூட்டை சிமென்ட்டைக் கிணத்துல இறக்கி, 28 நாள் காத்திருந்து, தண்ணியைத் தடுத்தார். 1910-ல கலிஃபோர்னியாவுலேயே ஆல்மண்ட் பெர்கின்ஸ், சிமென்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு அடைப்பான் வெச்சு அனுப்பினார். துளை போடப் பயன்படுற சேறு சிமென்ட்டோட கலக்கக் கூடாதே, அதுக்குத்தான்.

ஆனா உண்மையான வில்லன் சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்த அந்தச் சேறுதான். அதைச் சுரண்டி எடுக்காம பிடிப்பு வராதுன்னு 1940-ல ஜோன்ஸும் பெர்டினும் ஆராய்ஞ்சு எழுதினாங்க. குழாய் ஒரு பக்கமா சாய்ஞ்சு கிடந்தா, குறுகலான பக்கத்துல சேறு அப்படியே தங்கிடும். அதனாலதான் குழாயை நடுவுல நிறுத்த சென்ட்ரலைசர் மாட்டுறாங்க.

1960-கள்ல கார்ட்டரும் இவான்ஸும் குழாய்ப் பக்கம் பார்வையைத் திருப்பினாங்க. எண்ணெய்ப் பசை இருந்தா பிடிப்பு குறையுது, மணல் வீசிச் சொரசொரப்பாக்கினா கூடுது. நம்ம மேஸ்திரி கணக்குதான்! சிமென்ட் இறுகின பிறகு குழாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்சா குழாய் சுருங்கி மயிரிழை இடைவெளி விழுது. வாயுவுக்கு அது போதும்.

அதே காலத்துல ஒலியை வெச்சு சோதிக்கிற முறையும் வந்துச்சு. டைல்ஸைத் தட்டிப் பார்க்கிற மாதிரிதான். சிமென்ட் பிடிக்காத குழாய் கணீர்னு ஒலிக்கும், பிடிச்சது அடங்கிப் போகும்.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகு 2010-க்கு வருவோம். மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணறு. கணினிக் கணக்கு 21 சென்ட்ரலைசர் கேட்டுச்சு, போட்டது 6. ஒலிச் சோதனைக்கு வந்த ஆட்களை ஏப்ரல் 20 காலையில திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தச் சோதனைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு சுமார் 1,28,000 டாலர். அன்னிக்கு ராத்திரி வெடிச்சதுல 11 பேர் போயிட்டாங்க. 87 நாள் எண்ணெய் கடல்ல கொட்டுச்சு.

அந்தச் சோதனை ஒண்ணு மட்டும் பண்ணியிருந்தா எல்லாம் தப்பிச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். நுரை சிமென்ட்டே நிலையில்லாம இருந்துச்சு, அழுத்தச் சோதனையையும் தப்பாப் படிச்சாங்க. ஆனாலும் சிமென்ட் பிடிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, பார்க்கிறதுதான். பிடிச்சிருக்கும்னு நம்புறது சோதனை ஆகாது.

நம்ம மேஸ்திரி கடைசியா ஒரு தட்டு தட்டிப் பார்க்காம கூலி வாங்க மாட்டார், இல்லையா மக்களே?