சர்க்கரைக்கொல்லியின் வரலாறு

புதுவையைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களானாலும் தமிழகத்தின் வேறெந்தச் சிற்றூரானாலும், வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் இலை, வெந்தயம் ஆகியன அடுப்பேறுவது வழக்கம். இதனை அறியாமை என்று தள்ளுவோர் உளர். கஷாயம் இருக்க மாத்திரை எதற்கு என்பாரும் உளர். இரு சாராரும் இம்மூலிகைகளின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் நலம்.

முஸ்லிம் மருத்துவர்கட்கு இவ்வரலாற்றில் சிறப்பிடம் உண்டு. இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் நீரிழிவை விவரித்து, வெந்தயம் சேர்ந்த விதைக் கலவையை மருந்தாகக் குறித்தார். வெந்தயத்தின் நார்ப்பொருள் குடல் சர்க்கரையை உறிஞ்சும் வேகத்தைத் தணிக்கிறது என்பது பிற்காலத்தார் தந்த விளக்கம்.

சிறுகுறிஞ்சானின் கதை வேறு. அதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சற்று நேரம் மறைப்பதே காரணம். ‘சர்க்கரைக்கொல்லி’ என்ற பெயரும் அதனால் வந்ததே. நாவில் மறைந்த இனிப்பு இரத்தத்திலும் குறைந்ததாகிவிடுமா? ம்ஹஸ்கரும் காயஸ் பாதிரியாரும் இவ்விலையை ஆராய்ந்து 1930இல் விரிவாக எழுதினர். 1990இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், மாத்திரை உண்டுவந்த 22 நோயாளிகட்கு, அதனுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரம் 18 முதல் 20 மாதங்கள் தரப்பட்டது. ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நற்செய்திதான்; எனினும் 22 பேர் என்பது சிறு தொகை. கொடுக்கப்பட்டதும் அளந்தெடுத்த சாரமேயன்றி அடுப்படிக் கஷாயம் அன்று.

அளவின் அருமையை உணர்த்தும் வரலாறு ஐரோப்பாவிலும் உண்டு. அங்குக் கிராமத்தார் கைமருந்தாகக் கொண்ட கலேகா என்னும் செடி, மேயும் ஆடுகளைக் கொல்லவும் வல்லது. அதிலிருந்து பிரித்த கலேகின் 1920களில் நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டு, நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டது. அதற்கு உறவான மெட்ஃபார்மினை 1922இல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அதை நோயாளிகட்குக் கொடுத்துப் பயன்கண்டு 1957இல் வெளியிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன். புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டு அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. இன்று பாகூர்ப் பெரியவர் உணவோடு விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் அதுவே.

ஆக, மூலிகையும் மாத்திரையும் ஒரே குடும்பத்தார் எனலாம். இடையிலுள்ள வேறுபாடு அளவும் சோதனையுமே. இன்று காய்ச்சிய கஷாயத்தின் வலிமை நாளைய கஷாயத்துக்கு இராது. மாத்திரையோடு அது சேருங்கால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். நோன்பு நாட்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கஷாயம் அருந்துவோர் அதனை மருத்துவரிடம் மறைக்க வேண்டா. இரத்தத்தைச் சோதித்தறிந்து, அவர் சொற்படி நடக்க வேண்டும். இப்னு சீனா மருந்துகளைச் சோதித்தறிய நெறிகள் வகுத்துச் சென்றவர். அவரைப் போற்றும் நாம் அந்நெறியையும் போற்றுவோமாக!