தோதஃபோத்: நான்கா, நாடாவா?

யூதர்கள் காலைத் தொழுகையில் அணியும் தெஃபிலினைப் பற்றி எவர் எழுதினாலும் ரபி அக்கிபாவின் கணக்கை ஒப்பிக்காமல் விடுவதில்லை. யூத மறைநூலான தோராவில் தெஃபிலினுக்குப் பெயர் தோதஃபோத். யாத்திராகமம் 13:16, உபாகமம் 6:8, 11:18 என மூன்றே இடங்களில் வரும் சொல். கத்பி மொழியில் 'தத்' இரண்டு, ஆஃப்ரிக்கி மொழியில் 'பத்' இரண்டு, ஆக நான்கு என்கிறார் யூதச் சட்டத் தொகுப்பான தல்மூதில் அக்கிபா. தலையில் கட்டும் கறுப்புத் தோல்பெட்டிக்கு அறைகள் நான்கு, அறைக்கொரு தோற்சுருள் என்பதெல்லாம் சரிதான். அதற்காக ஓர் எபிரேயச் சொல் ஊருக்கொரு பாதியாய்ப் பொறுக்கிச் சேர்த்ததாகிவிடுமா? அவர் தேடியது நான்கு அறை என்ற சட்டத்துக்குச் சான்று. அதைச் சொற்பிறப்பாக்கியவர்கள் பின்வந்தோர். சொல்லை 'பேசு' என்ற வினையோடு முடிச்சுப் போட்ட இலக்கணி மெனகெம் பென் சரூக்கைத் தோரா உரையாசிரியர் ராஷி எடுத்தாண்டார் என்பதற்காக நாமும் சுமக்க வேண்டியதில்லை.

சொல்லின் பொருள் அறிய, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவின் சப்பாத் பகுதியைப் புரட்டினால் போதும். ஓய்வுநாளில் பெண்கள் எந்த அணிகளோடு வெளியே போகலாகாது என்ற பட்டியலில் இச்சொல்லின் ஒருமையான தோதெஃபெத் இருக்கிறது, அதுவும் தலையாடையோடு தைக்கப்படாதிருந்தால்! காதிலிருந்து காதுவரை சுற்றுவது என்று அதற்கு உரை சொல்கிறார் ரபி அபாகு. இதில் பெட்டி ஏது, நான்கு ஏது? 2 சாமுவேல் 1:10இல் சவுலின் கையில் கிடந்த கடகத்துக்கு அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் இடும் சொல்லும் தோதஃப்தாதான். தலையிலும் சுற்றும், கையிலும் சுற்றும்.

வேர் 'தஃப்' என்பதன் இரட்டிப்பு என்பேன்: தஃப்தஃப் என்பது தவ்தஃப் ஆகி, தோதஃப் ஆயிற்று. விண்மீனுக்கு எபிரேயத்தில் கோகாவ். அதுவும் கப்கப் என்பதிலிருந்து இதே வழியில் வந்ததே. அரபியில் 'தாஃப' என்றால் சுற்றிவந்தான். கஅபாவைச் சுற்றும் தவாஃப் நம்மவர்க்கும் பழகிய சொல். 1982இல் விவிலிய அறிஞர் ஜெஃப்ரி டிகே இச்சொல்லைப் பற்றி எழுதிய கட்டுரையும் தலைப்பட்டை என்றே முடிக்கிறது.

நம் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு உபாகமத்தில் 'ஞாபகக்குறி' என்று நழுவியது. மத்தேயு 23:5இல் மட்டும் 'காப்புநாடா'. காப்பு கிரேக்கச் சொல்லின் கடன். நாடாதான் மூலத்தின் பொருள். பெட்டி அதில் பிற்பாடு ஏறி உட்கார்ந்தது.