மெட்டலோதயோனீன்

பாலூட்டிகளின் உயிரணுக்களில் உலோகங்களைப் பிடித்து வைக்கும் சிறு புரதம். அறுபது சொச்சம் அமினோ அமிலங்களே உள்ள இதில் இருபது சிஸ்டீன்கள். அவற்றின் கந்தக அணுக்கள் ஏழு துத்தநாக அணுக்களையோ ஏழு காட்மிய அணுக்களையோ இரு கொத்துகளாகப் பற்றிக்கொள்ளும்; ஒரு கொத்தில் நான்கு, மற்றதில் மூன்று. மனிதரில் இதற்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில் உள்ளன.

1957இல் ஹார்வர்டில் மார்வின் மார்கோஷெஸும் பெர்ட் வல்லியும் குதிரைச் சிறுநீரகத்தின் புறணியிலிருந்து காட்மியம் செறிந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். வல்லியும் ஜெரமியாஸ் கேகியும் அதை மேலும் தூய்மைப்படுத்தி, 1960இல் இன்றைய பெயரைச் சூட்டினர். காட்மியத்துக்குப் பாலூட்டிகளின் உடலில் ஏதோ வேலை இருக்கும் என்ற எண்ணம் அப்போது எழுந்தது. அப்படி ஒரு வேலை இன்றுவரை நிறுவப்படவில்லை. 1993, 1994ஆம் ஆண்டுகளில் இப்புரதத்தின் இரு முக்கிய வகைகளையும் இழந்த எலிகளை உருவாக்கினார்கள். அவை பிறந்து, வளர்ந்து, குட்டியும் போட்டன. ஆனால் காட்மியம் கொடுத்தால் மற்ற எலிகளைவிட எளிதில் கல்லீரல் கெட்டது. நச்சுக் காப்பு என்பதே இப்புரதத்துக்கு மிக உறுதியாகச் சான்றுள்ள பணி என்று சொல்லலாம்.

அந்தக் காப்புக்கும் ஒரு விலை உண்டு. புரதத்தோடு கட்டுண்ட காட்மியம் கல்லீரலிலிருந்து சிறுநீரகத்துக்குப் போய், அங்கே பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993இல் காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

புற்றுநோய் மருத்துவர்களின் கவனத்துக்கு இப்புரதம் வந்தது வேறு வழியில். பார்னெட் ரோசன்பெர்கின் ஆய்வகத்தில் 1965இல் தற்செயலாகத் தெரியவந்த பிளாட்டினச் சேர்மங்களின் விளைவிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின், 1978இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. பிளாட்டினத்துக்கும் கந்தகத்தின் மேல் நாட்டம் அதிகம். மெட்டலோதயோனீன் மிகுந்த உயிரணுக்கள் சிஸ்பிளாட்டினைத் தாங்கிக்கொள்கின்றன என்று 1988இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. நஞ்சிலிருந்து காக்கும் புரதம், கட்டியையும் அதே விசுவாசத்தோடு காக்கிறது! எனினும் மருந்து எதிர்ப்பு முழுவதையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. உயிரணுவுக்கு வேறு தப்பும் வழிகளும் இருக்கின்றன.

கட்டிகளில் இதன் அளவும் ஒரே மாதிரி இல்லை. மார்பகப் புற்றில் பெரும்பாலும் தீவிரமான கட்டிகளில் கூடுகிறது. கல்லீரல் புற்றில் குறைகிறது. ஆகவே இதை எல்லாப் புற்றுகளுக்கும் பொதுவான அடையாளமாகக் கொள்வது பொருந்தாது.

இப்புரதம் பற்றும் துத்தநாகத்துக்கும் புற்றோடு தொடர்பு உண்டு. புற்றில் அது விட்டுப் போவது மிகத் தெளிவாகத் தெரியும் உறுப்பு புராஸ்டேட் சுரப்பி. பிற மென்திசுக்களைவிடப் பல மடங்கு துத்தநாகம் அதில் உண்டு. புற்றான திசுவில் அது வெகுவாகக் குறைந்திருப்பதை 1952இலேயே மாவ்சனும் ஃபிஷரும் கண்டிருந்தனர். காரணத்தைப் பின்னாளில் விரித்தவர்கள் மேரிலாந்தின் லெஸ்லி காஸ்டெல்லோவும் ரெண்டி ஃபிராங்க்ளினும். மைட்டோகாண்ட்ரியாவில் சிட்ரேட்டை அடுத்த நிலைக்கு மாற்றும் அக்கோனிடேஸ் நொதியைத் துத்தநாகம் தடுக்கிறது. அதனால் சிட்ரேட் எரியாமல் தேங்கி, சுரப்பு நீரில் வெளியேறுகிறது. புற்றணுவிலோ துத்தநாகத்தை உள்ளே கொண்டுவரும் ஜிப்1 புரதம் குறைந்துவிடுகிறது. தடை நீங்கியதும் சிட்ரேட் ஆற்றலாக எரிகிறது. சிட்ரேட் இப்படிக் குறைவதைக் காந்த அதிர்வு நிறமாலைப் பதிவிலும் காணலாம்.

இன்னொரு பக்கம் பி53. கட்டியைத் தடுக்கும் இப்புரதம் தன் மடிப்பு குலையாமல் நிற்க ஒரு துத்தநாக அணு வேண்டும். மூன்று சிஸ்டீன்களும் ஒரு ஹிஸ்டிடீனும் அந்த அணுவைப் பிடித்திருப்பதை 1994இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. அந்தப் பிடியைக் கெடுக்கும் திடீர்மாற்றங்களில் ஒன்று, புற்றுகளில் மிக அடிக்கடி தென்படும் ஆர்175எச்.

இவற்றைப் படித்துவிட்டு, துத்தநாக மாத்திரை புற்றைத் தடுக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. ஏறத்தாழ 47,000 அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 100 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் உட்கொண்டவர்களிடம் முற்றிய புராஸ்டேட் புற்று இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. மாத்திரைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. வயது வந்தவருக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்.