மரை கழண்ட ரீலும் மூணு தேசத்து ஸ்குரூவும்

"அவனுக்கு மரை கழண்டுருச்சு" என்று நம்ம ஊரில் சொல்வோமே, அந்த மரையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மண்டைக்குள் இருக்கிற மரை இல்லை, மீன் பிடிக்கிற ரீலில் இருக்கிற மரை. காமர்ஸ் படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரலாறு எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜாலஹள்ளி பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். எச்.எம்.டி.யில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், பூர்வீகம் வட ஆற்காடு. எங்கள் கிளைக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்துபோன பழக்கம். அவருடைய அப்பா கோலார் தங்க வயலில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்புகையில் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் ரீல் ஒன்று அவரிடம் இருக்கிறது. ரீலைக் கம்போடு சேர்க்கிற காலை மூன்று ஸ்குரூ பிடித்திருக்கும். அதில் ஒன்று இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. வயசாகித் தேய்ந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தேயலை சார், எவனோ வேற ஜாதி ஸ்குரூவை முறுக்கி ஏத்தியிருக்கான்" என்றார்.

ஸ்குரூவில் ஜாதியா? ஆமாம், இருக்கிறது.

நம் வீட்டுப் பெண்களின் தோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி கையால் செய்த பழைய தோட்டில், ஒரு தோட்டின் திருகாணி இன்னொன்றுக்குச் சேராது. மாற்றிப் போட்டால் பாட்டி திட்டுவார். சுமார் 1800 வரை உலகம் பூராவும் இதே நிலைமைதான், ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்று பிறந்த ஒரே நட்டு. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டும் லேத்தை ஒழுங்குபடுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841ல், மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன கனத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு பொதுக் கணக்கு போட்டார். அமெரிக்காக்காரர் சும்மா இருப்பாரா? 1864ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 60 டிகிரிதான் செய்வதற்கு சுலபம் என்று தனிக் கடை போட்டார்.

கருவிகளுக்கு வேண்டிய குட்டி ஸ்குரூக்களுக்கு 1884ல் பிரிட்டிஷ் அசோசியேஷன் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பி.ஏ. மரை என்பார்கள். கோணம் 47.5 டிகிரி. இது என்னை உட்கார வைத்துவிட்டது. பூஜ்யம் நம்பர் பி.ஏ.வில் மரைக்கு மரை இடைவெளி சரியாக 1 மி.மீ. அடுத்த நம்பருக்கு 10 சதவீதம் கழித்து 0.9. அப்புறம் 0.81, 0.73, 0.66, 0.59, 0.53... பி.காம். படித்தவர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். டிப்ரிசியேஷனேதான்! ரிட்டன் டவுன் வேல்யூ முறை, வருஷம் 10 சதவீதம் :-) இன்னொரு வேடிக்கை, அங்குலத்தைக் கட்டிக்கொண்டு அழுத இங்கிலீஷ்காரர்கள் இந்த மில்லிமீட்டர் கணக்கை ஜெனீவாவின் துரி என்ற ஸ்விஸ் பேராசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பெங்களூருக்கு இந்த எல்லா ஜாதியும் வந்து சேர்ந்தது. கோலார் சுரங்கங்களை நடத்தியது ஜான் டெய்லர் என்ற இங்கிலீஷ் கம்பெனி. அந்தச் சுரங்கத்துக்காக 1902ல் சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள், சாமான்கள் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்குடையவை. 1940ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில், போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தார்கள். 55க்கும் 60க்கும் ஒத்துவராமல் அந்தப் போரில் பட்ட பாட்டினால்தான் 1948ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் உட்கார்ந்து 60 டிகிரிக்கு ஒப்புக்கொண்டன. 1953ல் எச்.எம்.டி. வந்தது, ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டோடு. மெட்ரிக் எடைகள் அளவுகள் சட்டம் 1956ல், நயா பைசா 1957ல். அணா போன கதை எல்லாருக்கும் தெரியும். அங்குல ஸ்குரூ போன கதையை ஃபிட்டர்கள்தான் அனுபவித்தார்கள். பெரியவரின் தலைமுறைக்கு டூல் பெட்டியில் மூன்று செட் டேப் வேண்டியிருந்ததாம்.

இப்போது ரீலுக்கு வருவோம். அதில் இருந்தது 6 பி.ஏ. கனம் 2.8 மி.மீ., இடைவெளி 0.53. கடையில் கிடைக்கிற எம்3 ஸ்குரூவின் கனம் 3.0, இடைவெளி 0.5. பார்வைக்கு அண்ணன் தம்பி. முதல் ஒரு சுற்று நல்ல பிள்ளையாக ஏறும், அப்புறம் இறுகும். கையில் பலம் உள்ளவன் அழுத்தித் திருகினால் எஃகு ஸ்குரூவுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினிய மரைதான் உதிரும். (கடல் மீன் பிடிக்கிற ரீல் என்றால் உப்பில் எஃகும் அலுமினியமும் சேர்ந்து அரித்து உதிர்வது தனிக் கதை.)

சரி செய்ய வழிகள் உண்டு. துளையைப் பெரிசாக்கி 4 பி.ஏ. போடலாம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை, அசல் ஸ்குரூ அப்புறம் எதற்கு ஆகும் என்றார். ஹெலிகாயில் என்ற எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே இறக்கலாம். அலுமினிய விமான எஞ்சின்களில் செய்கிற வேலை, ஆனால் பி.ஏ. அளவில் தேடிப் பிடிப்பது பாடு. அவர் செய்தது பித்தளை புஷ். கெட்ட துளையை அகலமாக்கி எம்5 மரை வெட்டினார். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெளியில் மரை வெட்டிய பித்தளைத் துண்டை லாக்டைட் தடவி இறக்கி, மட்டமாகத் தேய்த்து, நடுவில் 2.3 மி.மீ. டிரில் போட்டு 6 பி.ஏ. டேப் விட்டார். அசல் ஸ்குரூ போய் உட்கார்ந்தது.

"மீன் பிடிக்கப் போறீங்களா சார்?" என்றேன். எந்த மீனை என்று திருப்பிக் கேட்டார். காவிரியின் பெரிய மாசீர் அது. 1946ல் கபினியில் 120 பவுண்டுக்கு ஒன்று பிடித்திருக்கிறார்கள். அந்தத் திமில் மாசீருக்கு டோர் ரமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானதே 2018ல்தான். அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. ரீல் ஷோகேஸுக்குப் போய்விட்டது. ஆனாலும் மூன்று ஸ்குரூவும் இறுகியிருக்கவேண்டும் அவருக்கு.

உங்கள் வீட்டில் ரீல் இருக்காது. அப்பாவின் பழைய புல்லட் இருக்கலாம். 1955லிருந்து சென்னையில் செய்தது என்றாலும் இங்கிலீஷ் டிசைன். அதன் எலெக்ட்ரிக் சாமான்களில் பி.ஏ. ஸ்குரூ சகஜம். மெக்கானிக் எம் ஸ்குரூவை எடுத்துக்கொண்டு ஸ்பேனரோடு வந்தால், முதலில் பிட்ச் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள்.