காடி வெட்டிய பலகை

மின்சாரத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்களைப் பாதையில் வெட்டிய காடியின் வழியே செலுத்தும் 'ஸ்லாட் கார்' விளையாட்டின் வரலாற்றில், கடைகளில் பெட்டியாக விற்ற பாதைக்குக் கிடைத்த புகழ் வீட்டில் மரத்தால் செய்த பாதைக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஓட்டுபவரின் கைத்திறனை இவ்விளையாட்டில் காத்து நின்ற பெருமை மரப் பாதைக்கே உரியது.

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912இலேயே இவ்வகைக் கார்களை விற்கத் தொடங்கிச் சில ஆண்டுகளில் கைவிட்டது. 1950களில் பிரிட்டனின் மாதிரிப் பொறியியல் மன்றங்களில் இவ்விளையாட்டு மீண்டும் உயிர்பெற்றபோது, பாதையின்மேல் புடைத்து நின்ற தண்டவாளமே முதலில் காருக்கு வழிகாட்டியது. அது சாலைத் தோற்றத்தைக் கெடுத்ததால், காரின் அடியிலுள்ள ஊசி இறங்கி ஓடும் காடி அதன் இடத்தைப் பிடித்தது. 1957இல் ஃபிரெட் ஃபிரான்சிஸ் ஹாரகேட் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய ஸ்கேலெக்ஸ்ட்ரிக், ரப்பர்ப் பாதைத் துண்டுகளை வீடுகளுக்குள் கொண்டுசென்றது.

துண்டுகளால் அமைந்த பாதைக்கு இரு குறைகள் இருந்தன. வளைவுகள் தொழிற்சாலை வகுத்த அளவை மீற முடியவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் உலோகத் தொடர்பு தளரவோ களிம்பேறவோ செய்ததால், மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து விலக விலகக் கார் வேகம் குன்றியது. மரவேலை தெரிந்தவர்கள் இவ்விரண்டையும் ஒரே பலகையில் தீர்த்தனர். ஹார்டுபோர்டு பட்டைகளை நடுவில் இடைவெளி விட்டு அடிப்பலகையில் ஆணியடித்துக் காடி உண்டாக்குவது ஒரு வழி. காடி வெட்டும் கைக்கருவியான ரவுட்டர் பரவிய பின் முழுப் பலகையிலேயே வெட்டுவது மற்றொன்று. வளையக்கூடிய மெல்லிய சட்டத்தை விரும்பிய வளைவில் ஆணிகளால் நிறுத்தி, அதை ஒட்டி ரவுட்டரை நகர்த்தினால், ஏறத்தாழ 3 மி.மீ. அகலமும் அதைப்போல் இருமடங்குக்குக் குறையாத ஆழமும் உள்ள காடி ஒரே சீராக விழும். அதன் இருபுறமும் ஒட்டும் செப்புப் பட்டையோ செப்புக் கம்பிப் பின்னலோ 12 வோல்ட் மின்சாரத்தைக் கடத்த, பலகையின் அடியிலிருந்து பல இடங்களில் தனிக் கம்பிகள் வந்து சேர்வதால் தொலைவிலும் வேகம் குறைவதில்லை. உள்தடம் வெளித்தடத்தைவிடக் குறுகியது என்ற சிக்கலுக்கு, எட்டு வடிவில் பாதையைப் பின்னி மேம்பாலத்தால் கடக்க வைத்த தீர்வு, எளிமையிலேயே வியக்கத்தக்கது.

1960களில் அமெரிக்க நகரங்களில் வாடகைக்கு ஓட்டும் கூடங்கள் பெருகி, எட்டுத் தடங்களும் 155 அடி நீளமும் கொண்ட 'கிங்' பாதை பெயர் பெற்றது. அந்த மோகம் பத்தாண்டு முடிவதற்குள் வடிந்து கூடங்கள் மூடப்பட்டன. ஆர்வலர்களின் வீட்டுப் பலகைகள் நிலைத்தன.

பின்னர்த் தொழிற்சாலைக் கார்கள் அடியில் காந்தம் பொருத்தி, பாதையின் இரும்புத் தகட்டைப் பற்றிக்கொண்டு வளைவுகளில் பாய்ந்தன. செம்பு காந்தத்துக்கு வசப்படாது. ஆகவே செம்பு பதித்த மரத்தின்மேல் காரைத் தாங்குபவை டயரின் பிடிப்பும் எடையும் மட்டுமே. வளைவுக்கு முன்பே விசையைத் தளர்த்தி, பின்புறம் சறுக்கத் தொடங்கும் கணத்தில் மீண்டும் அழுத்தும் பழக்கத்தை இது கட்டாயமாக்கியது. அவ்வாறு சறுக்கும் கார் விளிம்பைத் தாண்டி விழாதிருக்க, வெளித்தடத்துக்கு அப்பால் சில அங்குலப் பலகையைக் காடியின்றி விட்டுவைப்பது பாதை கட்டுவோரின் வழக்கமாயிற்று.