பெட்டிக்குள் ஒன்பது அட்டைகள்

வீட்டுச் சரித்திரம் – 14

பாஸ்டன் நகரில் ஜான் எஃப். கென்னடியின் பெயரில் இருக்கும் நூலகத்தில் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று உண்டு. பிறந்த ஊர் புரூக்ளைன், தேதி 1917 மே 29, திருமுழுக்கு பெற்றது புனித எய்டன் ஆலயத்தில் என்று தொடங்குகிறது. அப்புறம் கக்குவான் இருமல், தட்டம்மை, சின்னம்மை, செங்காய்ச்சல் என்று வந்துபோன நோய்களின் வரிசை. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஒருவரின் முதல் கோப்பு இதுதான். எழுதி வைத்தவர் அவருடைய தாய் ரோஸ்.

ரோஸ் பெற்றது ஒன்பது. ஆளுக்கொரு அட்டை போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். எடை, உயரம், பல், கண், தடுப்பூசி எல்லாம் அதில் ஏறும். கணவர் லண்டனுக்குத் தூதராகப் போன 1938-ல் ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தப் பெட்டியை அமெரிக்கத் திறமை என்று கொண்டாடின. திறமையும் இல்லை ஒன்றும் இல்லை, ஒன்பதையும் நினைவில் வைக்க முடியாத தவிப்பு அது என்பது போலத்தான் ரோஸ் பின்னாளில் எழுதினார்.

இல்லத்தரசி என்றதும் அடுப்பூதிச் சிவந்த கண்களைக் கற்பனை செய்ய வேண்டாம். சமையலுக்கு ஆள், பிள்ளைகளுக்குத் தாதி, நாளடைவில் பெரும் செல்வம் எல்லாம் இருந்தன. ஆனாலும் வீட்டை அவர் ஓர் அலுவலகம் போலத்தான் நடத்தினார். இந்தத் தொடரில் அவருக்கு ஒரு வாரம் ஒதுக்கியது அதனால்தான்.

1890 ஜூலை 22 அன்று, பாஸ்டனின் ஐரிஷ் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியில் பிறந்தார். அப்பா ஜான் ஃபிட்ஜெரால்டு, பேச்சில் தேன் ஒழுகும் என்பதால் ஊரார் வாயில் ‘ஹனி ஃபிட்ஸ்’. நகரத்தின் மேயராக இருந்தவர். அந்த ஊரின் பழைய புராட்டஸ்டன்ட் மேல்தட்டுக் குடும்பங்களுக்கு ‘பிராமின்’ என்றே பெயர். நம்மூரிலிருந்து கடன் வாங்கிய சொல்தான். 1860-ல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற எழுத்தாளர் சூட்டியது. அந்த பிராமின்கள் வீட்டு விருந்துகளில் மேயர் மகளானாலும் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணுக்கு நாற்காலி கிடையாது.

ரோஸ் வெல்லெஸ்லி கல்லூரியில் படிக்க ஆசைப்பட்டார். மேயர் மகளே மதச்சார்பற்ற கல்லூரிக்குப் போனால் மற்றவர்களுக்கு என்ன முன்மாதிரி என்று பேராயர் ஓ’கானல் பக்கமிருந்து அழுத்தம் வந்தது. அப்பாவுக்குக் கத்தோலிக்க ஓட்டு முக்கியம். மகள் திருஇருதயக் கன்னியர் மடத்துப் பள்ளிக்குப் போனார். 1908-ல் நெதர்லாந்தில் ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்த அதே சபையின் மடத்துக்கும் போனார். அங்கே மௌனமும் செபமும் நேர ஒழுங்கும் பழகின. வெல்லெஸ்லி போகாததுதான் தன் வாழ்வின் பெரிய வருத்தம் என்று தொண்ணூறு வயதில் வரலாற்றாசிரியர் ஒருவரிடம் சொன்னார். வருத்தம் தந்த அதே மடந்தான் கடைசிவரை அவரைத் தாங்கிய பக்தியையும் கொடுத்தது. இந்த முரணைத் தீர்த்துவைக்க அவரும் முயலவில்லை, நானும் முயலப்போவதில்லை.

1914 அக்டோபர் 7-ல் ஜோசப் கென்னடியோடு திருமணம். மந்திரித்தவர் அதே ஓ’கானல், இப்போது கர்தினால். பீல்ஸ் தெரு 83-ஆம் எண் வீட்டில் குடித்தனம். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இருக்க, வராந்தாவை மடக்குத் தட்டிகளால் அறைபோல் பிரித்துவிட்டார். தெருவும் தெரியும், அடிதடியும் இல்லை. சனிக்கிழமை தோறும் எடை பார்த்துக் குறிப்பார். கைவண்டியில் குழந்தையை வைத்து உலாவப் போகும்போது வழியில் கோயிலுக்குள் நுழைந்து வெளியே வருவார். கடவுள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியவர் அல்ல என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமாம்.

1920-ன் தொடக்கத்தில் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தாய்வீடு போய்ச் சில வாரம் இருந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கணவர் வீட்டில் தங்குவதே அரிது, வயிற்றில் நான்காவது பிள்ளை. அப்பா சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார். பிப்ரவரியில் கேத்லீன் பிறந்தாள். அதே சமயம் இரண்டே முக்கால் வயது ஜானுக்குச் செங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் உயிருக்குப் போராடினான். பிழைத்தான். அட்டையில் ஒரு வரி கூடியது.

அதன்பின் ரோஸ் வீட்டைவிட்டுப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே போக்கிடம் கண்டுபிடித்தார். ஹையானிஸ் போர்ட் கடற்கரையில் ஒரு சின்ன மரக்குடிலை நிறுத்தி, புத்தகத்தோடு அதில் போய் உட்கார்ந்துவிடுவார். புயல் அதை அடித்துக்கொண்டு போனது. வேறொன்று வாங்கி நிறுத்தினார்.

1936-ல் கர்தினால் பாசெல்லி அவர்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார். மூன்றே ஆண்டில் அவர் பன்னிரண்டாம் பத்திநாதர் என்ற திருத்தந்தை. முடிசூட்டு விழாவுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் பிரதிநிதியாகப் போனவர் ஜோசப் கென்னடி. குடும்பமும் உடன் போனது. கடைக்குட்டி எட்வர்டுக்கு அந்தத் திருத்தந்தையின் கையாலேயே புதுநன்மை. பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலே நம் கிராமங்களில் பந்தல் போடுவார்கள். இந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அந்த பக்தியின் கூர்முனை மகள் கேத்லீன் மேல் இறங்கியது. 1944 மே மாதம் லண்டனில், ஆங்கிலிகன் பிரபு குடும்பத்து வாரிசு ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்தாள். அன்றைய திருச்சபைச் சட்டப்படி அது திருமணமே அல்ல, பாவ வாழ்க்கை. ரோஸ் நொறுங்கிப்போனார். குடும்பத்திலிருந்து திருமணத்துக்கு நின்றவர் மூத்த மகன் ஜோ மட்டும். ஆகஸ்ட் 12-ல் அந்த ஜோ போர் விமானம் வெடித்து இறந்தார். செப்டம்பரில் கேத்லீனின் கணவரும் பெல்ஜியத்தில் குண்டடிபட்டு மாண்டார். 1948-ல் கேத்லீனும் பிரான்சில் விமான விபத்தில் போய்விட்டாள். அடக்கத்துக்கு அப்பா மட்டும் போனார், அம்மா போகவில்லை. விசுவாசம் என்று இதைச் சொல்வாரும் உண்டு, கல்நெஞ்சம் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது சொல்லே முதலில் வாயில் வருகிறது. ஆனால் 1951-ல் வத்திக்கான் அவருக்கு ‘கோமாட்டி’ பட்டம் கொடுத்தது.

மூன்றாவது பிள்ளை ரோஸ்மேரி. 1918 செப்டம்பரில், கொள்ளைக் காய்ச்சல் பாஸ்டனைச் சூறையாடிய வாரங்களில் பிறந்தவள். மருத்துவர் வரத் தாமதம். அவர் வரும்வரை பிரசவத்தைத் தாதி தடுத்து நிறுத்தினார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். தவழ்வது, நடப்பது, எழுதுவது எல்லாமே பின்தங்கின. அன்று அத்தகைய பிள்ளைகளை விடுதியில் தள்ளிவிட்டு மறப்பதே வழக்கம். ரோஸ் மறுத்தார். தனி ஆசிரியர் வைத்தார், மணிக்கணக்கில் கூட உட்கார்ந்தார், டென்னிஸ் ஆடினார். 1938-ல் பிரித்தானிய அரசர் முன் கேத்லீனோடு அவளையும் வெள்ளை உடையில் நிறுத்தி வணங்க வைத்தார். இங்கிலாந்தில் ஒரு மான்டெசோரி மடப்பள்ளியில் ரோஸ்மேரி மலர்ந்துகொண்டிருந்தாள். போர் வந்து அதைக் கலைத்தது.

நாடு திரும்பியபின் கோபம், அடி, இரவில் விடுதியைவிட்டு வெளியேறுவது. 1941 நவம்பரில் ஃப்ரீமன், வாட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வாஷிங்டனில் அவள் மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டினார்கள். முடிவெடுத்தவர் தந்தை. அது முடிந்த பிறகே தனக்குத் தெரியும் என்பது தாயின் வாக்கு. இருபத்து மூன்று வயதுப் பெண் நடையும் பேச்சும் இழந்து வெளியே வந்தாள்.

ரோஸ் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவாகச் சுற்றுக்கடிதம் எழுதுவார். யார் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று வரிசையாக இருக்கும். அந்தக் கடிதங்களிலிருந்து ரோஸ்மேரியின் பெயர் மெல்ல மறைந்தது. 1949 முதல் அவள் விஸ்கான்சின் மாநிலத்தில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் நடத்திய இல்லத்தில் இருந்தாள். இருபது வருடம் போல தாய் போய்ப் பார்க்கவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். எடையும் பல்லும் எழுதிய கை, அங்கே வெறும் கையாக நின்றுவிட்டது.

1952-ல் ஜான் செனட்டுக்கு நின்றபோது எதிரில் ஹென்றி கேபட் லாட்ஜ், அசல் பிராமின். இவருடைய தாத்தாதான் 1916-ல் ஹனி ஃபிட்ஸைத் தோற்கடித்தவர். ரோஸும் மகள்களும் மாநிலமெங்கும் தேநீர் விருந்துகள் வைத்தார்கள். வேட்பாளரின் தாயே வாசலில் நின்று கைகுலுக்குவார். வந்த பெண்களில் பலர் அப்படியொரு அழைப்பிதழை அதற்கு முன் கண்டிராதவர்கள். சுமார் எழுபதாயிரம் ஓட்டில் மகன் ஜெயித்தார். விருந்துகளுக்கு வந்தவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

1961 ஜனவரி 20, மகன் பதவியேற்கும் நாள். விடிந்ததும் ரோஸ் பனியில் ஜார்ஜ்டவுன் திருத்துவ ஆலயத்துக்குப் பூசை காணப் போனார். யாரும் சொல்லாமலே மகனும் வந்து உட்கார்ந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்தார். குளிருக்காகத் தன்னைப் பொதிந்திருந்த கோலத்தில் புகைப்படக்காரர்கள் முன் போக மனமில்லாமல் அருகே செல்லவில்லை. நண்பகலில் ஜான் உறுதிமொழி எடுத்தது ஃபிட்ஜெரால்டு குடும்பத்து பைபிளின் மேல்.

அந்த ஆண்டு டிசம்பரில் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். 1963-ல் ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை ரோஸ் ஹையானிஸில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் முழந்தாளிட்டிருந்தார். 1968-ல் இன்னொரு மகன் ராபர்ட்டும் அப்படியே. அன்று காலையும் அதே ஆலயம்.

ரோஸ்மேரியின் பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது தங்கை யூனிஸால். 1962-ல் அக்காவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். 1968-ல் சிகாகோவில் சிறப்பு ஒலிம்பிக்கைத் தொடங்கினார். ரோஸும் பேட்டிகளில் ரோஸ்மேரி பற்றிப் பேச ஆரம்பித்தார். 1974-ல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

1984-ல் பக்கவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 1995 ஜனவரி 22-ல், 104 வயதில், ஹையானிஸ் போர்ட் வீட்டில் இறந்தார். நார்த் எண்ட்டில் தான் திருமுழுக்குப் பெற்ற அதே புனித ஸ்தேவான் ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது.

புரூக்ளைனுக்குப் போகிறவர்கள் பீல்ஸ் தெரு வீட்டை இன்றும் பார்க்கலாம். ஜானின் மரணத்துக்குப் பின் குடும்பம் அதைத் திரும்ப வாங்கியது. ரோஸ் நின்று மேற்பார்வை பார்த்து மேசை, கட்டில், தொட்டில் எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினார். 1969-ல் நாட்டுக்குக் கொடுத்தார். பார்வையாளர்களுக்காகத் தன் குரலையும் பதிவுசெய்து வைத்தார். படுக்கையறையில் இரண்டு கட்டில். சன்னலோரக் கட்டிலில்தான் ஜான் பிறந்தான், மருத்துவருக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக என்று அந்தக் குரல் விளக்குகிறது. வீட்டை அவர் அடுக்கி நிறுத்தியிருப்பது 1917-ஆம் ஆண்டில். ரோஸ்மேரி பிறக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

(தொடரும்)